ஐந்து பதிவு எழுதிவிட்டு அப்புறம் வலைப்பூ தொடங்குங்கள்

என் முதல் வலைப்பூவில் மொத்தம் நான்கு பதிவுகள். முதலாவது, 'வணக்கம், நானும் வந்துவிட்டேன்'. இரண்டாவது, எங்கோ படித்த ஒரு தத்துவக் கதை. மூன்றாவது, வார்ப்புருவை (வலைப்பூவின் தோற்ற அமைப்பை) மாற்றியிருக்கிறேன், எப்படி இருக்கிறது என்று கேட்டு ஐந்து வரி. நான்காவது, 'சில நாட்களாக எழுத முடியவில்லை, மன்னிக்கவும், இனி தொடர்ந்து எழுதுவேன்'. அதோடு சரி. அந்த மன்னிப்பு இன்றும் இணையத்தில் கிடக்கிறது. யாரிடம் கேட்டேன் என்றுதான் தெரியவில்லை, ஏனென்றால் அந்த வலைப்பூவைப் படித்தவர் ஒருவரும் இல்லை.

இரண்டாவது வலைப்பூ ஏழு பதிவு வரை ஓடியது. மூன்றாவதுதான் நிலைத்தது. இடையில் எனக்குத் திடீரென்று எழுத்து கைகூடிவிடவில்லை. மூன்றாவதைத் திறப்பதற்கு முன்பே ஐந்து பதிவுகளை எழுதி வைத்திருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் வலைப்பூ தொடங்கப்போகிறேன் என்று யார் வந்தாலும் நான் முதலில் சொல்வது: கொஞ்சம் பொறுங்கள், இன்னும் திறக்காதீர்கள்.

திறப்பதற்கு முன்

கணக்குத் தொடங்குவது, பெயர் யோசிப்பது, வார்ப்புரு தேடுவது, தலைப்புப் படம் செய்வது எல்லாம் அரை நாளில் முடிகிற வேலை. சுகமான வேலையும்கூட. ஒரு வரி எழுதாமலே எழுதிவிட்ட திருப்தியைக் கொடுத்துவிடும். நிறைய வலைப்பூக்கள் அந்தத் திருப்தியிலேயே முடிந்துபோகின்றன.

எனவே முதல் வேலை, ஒரு தாளை எடுத்து இருபது தலைப்புகள் எழுதுவது. 'பயணம்', 'சினிமா', 'சமூகம்' என்று எழுதக்கூடாது. அவை தலைப்புகள் அல்ல, அலமாரிகள். 'கொட்டும் மழையில் கூடாரம் கட்டும்போது நான் மறந்த ஒன்று' என்பது தலைப்பு. ஏழெட்டு வரை சரசரவென்று வந்துவிடும். பத்துப் பன்னிரண்டில் பேனா நிற்கும். நிற்கட்டும், இரண்டு நாள் கழித்து மறுபடி உட்காருங்கள். முதலில் வருபவை பெரும்பாலும் யார் வேண்டுமானாலும் எழுதக்கூடியவை. பதினைந்துக்கு மேல் தட்டுத்தடுமாறி வருபவற்றில்தான் உங்களுக்கு மட்டும் தெரிந்த சங்கதிகள் இருக்கும். இருபது வரவே இல்லையென்றாலும் நல்லதுதான். இந்த விஷயத்தில் ஒன்றிரண்டு பதிவுகளுக்கு மேல் சரக்கு இல்லை என்பது ஒரு தாள் செலவில் தெரிந்துவிட்டது.

எதைப் பற்றி எழுதுவது என்று திகைப்பவர்களுக்கு என்னிடம் ஒரே சோதனைதான் உண்டு. சமீபத்தில் எதைப் பற்றியாவது இணையத்தில் தேடித் தேடி, கிடைத்ததெல்லாம் அரைகுறையாக இருந்து, கடைசியில் நீங்களே முட்டி மோதிக் கண்டுபிடித்தீர்களா? அதை எழுதுங்கள். நீங்கள் தேடியதை இன்னொருவரும் தேடிக்கொண்டிருப்பார். நீங்கள் நிபுணராக இருக்க வேண்டியதில்லை. சொல்லப்போனால் இப்போதுதான் கற்றுக்கொண்டவர் எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது. எந்த இடத்தில் குழம்பினோம் என்பது அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். நிபுணர் அதை எப்போதோ மறந்துவிட்டிருப்பார்.

ஒரே துறையைப் பற்றி மட்டும்தான் எழுத வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். வியாபாரத்துக்காக நடத்தும் தளத்துக்கு அது சரி. தனிப்பட்ட வலைப்பூவுக்கு அந்தக் கட்டுப்பாடு எதற்கு? ஒருவர் தையல் இயந்திரம் பழுதுபார்ப்பதைப் பற்றியும் எழுதுகிறார், படித்த நாவலைப் பற்றியும் எழுதுகிறார் என்றால், இரண்டையும் எழுதுகிற ஆளைப் பிடித்துப்போய்த்தான் வாசகர் திரும்ப வருகிறார். பதிவு எதைப் பற்றியது என்று காட்டும் குறிச்சொற்களை ஒழுங்காகப் போட்டுவைத்தால் தையல் மட்டும் வேண்டுபவர் தையலை மட்டும் படித்துக்கொள்வார்.

சரி, இருபதிலிருந்து ஐந்தைப் பொறுக்கி முழுதாக எழுதி முடியுங்கள். வரைவாக விடக்கூடாது, முடிக்க வேண்டும். எங்கே எழுதுவது என்பது முக்கியமில்லை. நோட்டுப் புத்தகம், தொலைபேசியின் குறிப்புச் செயலி, எதுவானாலும் சரி. ஒரு பதிவுக்கு உங்களுக்கு எத்தனை நாள் ஆகிறது என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். எனக்கு ஐந்து பதிவுகளுக்கு ஏழு வாரம் ஆனது. 'வாரம் மூன்று பதிவு' என்று முதல் வலைப்பூவில் சபதம் போட்டிருந்த ஆள் நான்!

முதல் பத்தியை வெட்டுங்கள்

நாற்பது வயதுக்கு மேல் நீச்சல் கற்றுக்கொள்ளப் போனேன். அதைப் பற்றிய பதிவை முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்:

'நீச்சல் என்பது உடலுக்கும் மனதுக்கும் புத்துணர்ச்சி தரும் ஓர் அற்புதமான பயிற்சியாகும். இன்றைய அவசர உலகில் உடற்பயிற்சியின் தேவை நாளுக்கு நாள் அதிகரித்து வருகிறது. அந்த வகையில்...'

இதில் ஒரு பிழையும் இல்லை. ஒரு விஷயமும் இல்லை. நீச்சல்குளத்தையே பார்க்காதவர்கூட இதை எழுதிவிடலாம். நான்காவது பத்தியில், போகிற போக்கில், இந்த வாக்கியம் இருந்தது:

'மூன்றாவது வாரம்தான் புரிந்தது, தண்ணீருக்குள் முகம் இருக்கும்போது நான் மூச்சை வெளியே விடவே இல்லை என்று. தலையைத் தூக்கும் அந்த அரை நொடியில் மூச்சை விடவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும் என்று அல்லாடிக்கொண்டிருந்தேன்.'

மேலே இருந்த மூன்று பத்திகளையும் அழித்துவிட்டு இதை முதல் வரியாக வைத்தேன். அப்புறம் எழுத வேண்டியது தானாக வந்தது: பயிற்சியாளர் என்னைக் குளத்தின் ஓரத்தைப் பிடிக்க வைத்து, முகத்தைத் தண்ணீரில் அமிழ்த்தி, மூக்கு வழியாகக் குமிழி விடச் சொன்னது. பக்கத்தில் அதையே செய்துகொண்டிருந்த ஆறு வயதுக் குழந்தை என்னைவிட அழகாகக் குமிழி விட்டது. இன்றுவரை என் வலைப்பூவில் அதிகம் பேர் வந்து படிக்கும் பதிவு அதுதான்.

எல்லோருடைய முதல் வரைவிலும் இது நடக்கும். கட்டுரைப் போட்டிக்கு எழுதிய பழக்கம் முன்னுரை இல்லாமல் நம்மைத் தொடங்கவே விடாது. எழுதும்போது முன்னுரை எழுதிக்கொள்ளுங்கள், தப்பில்லை, கை சூடாவதற்கு அது உதவும். வெளியிடும்போது, உங்களுக்கு நடந்த முதல் விஷயம் எந்த வரியில் இருக்கிறது என்று தேடி, அதற்கு மேலே இருப்பதை வெட்டுங்கள்.

இன்னொன்று, சத்தமாக வாசித்துப் பாருங்கள். மூச்சு முட்டுகிற இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். பெரும்பாலானோர் தொலைபேசித் திரையில்தான் படிப்பார்கள். கணினியில் ஆறு வரியாகத் தெரியும் பத்தி அங்கே திரையையே அடைத்துவிடும்.

எங்கே வைப்பது

இதில்தான் ஆட்கள் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்வார்கள். அவ்வளவு யோசிக்க ஒன்றும் இல்லை.

காசு செலவழிக்காமல், தொழில்நுட்பத் தலைவலி இல்லாமல் தொடங்க வேண்டுமென்றால் பிளாகர். 1999இல் வந்தது, 2003இல் கூகுள் வாங்கியது, இன்றும் ஓடுகிறது. அதன் தோற்றத்தைப் பார்த்தால் வயது தெரியும். ஆனால் வேலை நடக்கும். உங்கள் பெயரிலேயே சொந்த முகவரி (டொமைன்) வாங்கி அதில் இணைத்துக்கொள்வதற்கும் பிளாகர் தனியாகக் கட்டணம் கேட்பதில்லை.

வேர்ட்பிரஸ் 2003 மே மாதம் வந்தது. இந்தப் பெயரில் இரண்டு சங்கதிகள் இருப்பதால் புதியவர்கள் குழம்புவார்கள். வேர்ட்பிரஸ்.காம் என்பது சேவை: அவர்களே இடம் தருவார்கள், நீங்கள் கணக்குத் தொடங்கி எழுத வேண்டியதுதான். இலவசத் திட்டம் உண்டு, சொந்த முகவரி இணைக்கக் கட்டணத் திட்டம் வேண்டும். வேர்ட்பிரஸ்.ஆர்கில் கிடைப்பது மென்பொருள்: இலவசமாக இறக்கி, வழங்கியில் (சர்வரில்) இடம் வாடகைக்கு எடுத்து நீங்களே நிறுவ வேண்டும். எல்லாச் சுதந்திரமும் உங்களுக்கு, எல்லாப் பொறுப்பும் உங்களுக்கு. மென்பொருளையும் செருகுநிரல்களையும் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் நிரல்களை) புதுப்பிக்காமல் விட்டால் ஒருநாள் காலையில் உங்கள் தளத்தில் யாரோ புகுந்து மாத்திரை விற்றுக்கொண்டிருப்பார். தளத்தைப் பராமரிக்கும் வேலையே பிடிக்கும் என்பவர்கள் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

மீடியம், சப்ஸ்டாக் மாதிரியான தளங்களில் தொடங்குவது இன்னும் சுலபம். மின்னஞ்சலில் வாசகருக்கு நேராகப் போய்ச் சேருவது சப்ஸ்டாக்கின் பலம். ஆனால் தோற்றம், விதிமுறை, யாருக்கு எதைக் காட்டுவது எல்லாம் வீட்டுக்காரர் கையில்.

எங்கே போனாலும், கேள்வி ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த இடத்தை நாளை மூடினால் என் எழுத்தை எடுத்துக்கொண்டு வெளியேற வழி இருக்கிறதா? இது வெறும் பயமுறுத்தல் அல்ல. இலவசமாகப் பக்கம் அமைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டபோது லட்சக்கணக்கான தனிப்பட்ட பக்கங்கள் போயின. போஸ்டரஸ் என்ற வலைப்பூச் சேவை 2013இல் போனது. பிளாகரில் கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் வழியாகப் பின்னூட்டம் வாங்கியவர்கள், 2019இல் கூகுள் பிளஸை மூடியபோது அந்தப் பின்னூட்டங்கள் மொத்தத்தையும் இழந்தார்கள். என் கதையும் உண்டு. இரண்டாவது வலைப்பூவின் படங்களை எல்லாம் வேறொரு இலவசப் படச் சேவையில் ஏற்றி, அங்கிருந்து சுட்டி (லிங்க்) கொடுத்திருந்தேன். அவர்கள் ஒருநாள் விதியை மாற்றினார்கள். படங்கள் இருந்த இடமெல்லாம் உடைந்த கட்டங்கள். எழுத்து இருக்கிற இடத்திலேயே படத்தையும் ஏற்றுங்கள்.

பெயரும் முகவரியும்

பெயருக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 'சிந்தனைகள்', 'துளிகள்', 'சாரல்', 'கிறுக்கல்கள்' ஆகியவற்றைத் தவிர்த்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். அந்தப் பெயர்களில் ஏற்கனவே எத்தனையோ இருக்கின்றன, தேடினால் உங்களுடையது அகப்படாது. உங்கள் சொந்தப் பெயர், அல்லது நீங்கள் பல வருடம் சலிக்காமல் சுமக்கக்கூடிய ஒரு புனைபெயர் போதும். துறையைப் பெயரில் வைத்துவிட்டால் நாளை ஆர்வம் மாறும்போது பெயர் உறுத்தும்.

ஆறு மாதம் தாண்டியும் எழுதிக்கொண்டிருந்தால் சொந்த முகவரி வாங்குங்கள். அதற்கு முன்னால் வேண்டாம். வாங்கிவிட்டால் தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டு, பதிவு செய்த மின்னஞ்சல் இப்போதும் நீங்கள் பார்க்கிற மின்னஞ்சல்தானா என்பதை உறுதி செய்யுங்கள். டாட் காம் போன்ற முகவரிகள் காலாவதியானால், முகவரியை விற்ற பதிவாளர் நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை வழக்கமான கட்டணத்தில் புதுப்பிக்க அவகாசம் கிடைக்கலாம். அதற்கு மேல் 30 நாள் மீட்புக் காலம், அபராதம் போலக் கூடுதல் கட்டணம். அதையும் தவறவிட்டால் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். நல்ல வலைப்பூவாக இருந்த முகவரியில் இன்று சூதாட்ட விளம்பரம் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது இப்படி நடந்ததுதான்.

தமிழில் எழுதுபவர் முதல் நாளே பார்க்க வேண்டியது

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் எதிலும் இது இருக்காது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிளாகரில் தமிழில் மட்டும் தலைப்பு வைத்தால், அது பதிவின் முகவரியை உருவாக்கும்போது தமிழ் எழுத்துகளை மொத்தமாக விட்டுவிடும். மிஞ்சுவது 'பிளாக்-போஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லும் ஓர் எண்ணும். தலைப்பில் '10 வழிகள்' என்று இருந்தால் முகவரியில் அந்த '10' மட்டும் நிற்கும். நூறு பதிவு ஆன பிறகு எந்தச் சுட்டி எந்தப் பதிவு என்று உங்களுக்கே தெரியாது.

வேர்ட்பிரஸில் நேர்மாறு. அது தமிழை முகவரியில் வைத்துக்கொள்ளும். ஆனால் நகலெடுத்து ஓர் அரட்டைக் குழுவில் ஒட்டினால் ஒவ்வொரு எழுத்துக் குறியீடும் சதவீதக் குறிகளோடு ஒன்பது எழுத்தாக விரியும். 'வலைப்பூ' என்ற ஒரே சொல்லைப் பாருங்கள். திரையில் நமக்கு நான்கு எழுத்து, ஒருங்குறிக் (யூனிகோட்) கணக்கில் ஏழு குறியீடு, முகவரியில் அறுபத்து மூன்று எழுத்து. அனுப்பியவருக்கே அது நச்சுநிரல் போலத் தெரியும், பெறுபவர் தொடவே மாட்டார். போதாக்குறைக்கு அந்தப் பகுதி 200 எழுத்தோடு வெட்டப்படும், அதாவது தமிழில் இருபத்திரண்டு குறியீட்டோடு தலைப்பு பாதியில் நின்றுவிடும்.

இரண்டுக்கும் தீர்வு ஒன்றுதான். வெளியிடும் பொத்தானை அழுத்துவதற்கு முன், நிலைச்சுட்டி (பெர்மாலிங்க்) என்ற அமைப்புக்குப் போய், இரண்டு மூன்று சொற்களை ரோமன் எழுத்தில் நீங்களே கொடுங்கள். என் நீச்சல் பதிவுக்கு 'நீச்சல்-மூச்சு' என்பதை ஆங்கில எழுத்தில் கொடுத்தேன். வெளியிட்டுவிட்டு மாற்றினால் அதற்குள் பகிரப்பட்ட சுட்டிகள் உடையலாம், ஆகவே முதலிலேயே செய்துவிடுவது நல்லது.

தட்டச்சைப் பொறுத்தவரை, தமிழ்99 விசைப்பலகையைப் பழகிக்கொள்ளுங்கள் என்பேன். இரண்டு வாரம் எரிச்சலாக இருக்கும், அப்புறம் ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும் முறைக்குத் திரும்பிப் போக மனசு வராது. ஆனால் இது சண்டை போடுகிற விஷயமல்ல, கைக்கு எது வருகிறதோ அதில் எழுதுங்கள். குரல் தட்டச்சு முதல் வரைவுக்கு நன்றாகவே உதவும், ர-ற, ல-ள-ழ, ந-ன-ண குளறுபடிகளை உட்கார்ந்து திருத்தத் தயாராக இருந்தால். பழைய கோப்புகள் பாமினி போன்ற, ஒருங்குறி அல்லாத எழுத்துருவில் இருந்தால் அப்படியே ஒட்டாதீர்கள். ஒருங்குறிக்கு மாற்றும் கருவியில் போட்டு எடுத்தால்தான் தேடலில் அகப்படும்.

வலைத்தளத்தின் எழுதும் பெட்டிக்குள் நேரடியாக எழுதவும் வேண்டாம். தானாகச் சேமிக்கும் என்று நம்பி ஓர் இரவு முழுக்க எழுதியதை இழந்திருக்கிறேன். வெளியே எழுதி உள்ளே ஒட்டுங்கள்.

திறக்கும் நாள்

ஐந்தில் மூன்றை ஒரேயடியாக வெளியிடுங்கள். வருகிறவருக்கு ஒன்றைப் படித்ததும் இன்னொன்று இருக்க வேண்டும். மீதி இரண்டு கையிருப்பு. 'வணக்கம்' பதிவு தேவையில்லை. அதற்குப் பதில் 'என்னைப் பற்றி' என்று ஒரு பக்கம் போட்டு, யார் எழுதுகிறார், எதைப் பற்றி, எப்படித் தொடர்புகொள்வது என்று ஐந்தாறு வரி எழுதினால் போதும். வார்ப்புருவில் வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. பக்கப்பட்டையில் கடிகாரம், பறக்கும் பூ, தானாகப் பாடும் பாட்டு எதுவும் வேண்டாம்.

படங்கள்: தொலைபேசியில் எடுத்த படம் பல மெகாபைட் இருக்கும். அகலம் 1200 பிக்சலுக்குக் குறைத்து ஏற்றினாலே பக்கம் சட்டென்று திறக்கும். படத்தோடு அதை எடுத்த இடத்தின் ஆயத்தொலைவுகளும் சேர்ந்து பதிவாகியிருக்கலாம். சில தளங்கள் அதை நீக்கிவிடும், சில நீக்காது. வீட்டில் எடுத்த படம் என்றால் ஏற்றுவதற்கு முன் அந்தத் தகவலை அழித்துவிடுங்கள். கூகுளில் தேடி வரும் படம் 'கூகுள் படம்' ஆகிவிடாது, அதை எடுத்தவர் ஒருவர் இருக்கிறார். சொந்தப் படம் இல்லையென்றால் விக்கிமீடியா காமன்ஸில் தேடி, உரிமத்தைப் படித்து, கேட்டிருந்தபடி பெயர் குறிப்பிட்டுப் போடுங்கள்.

வாசகர்கள் எங்கே?

முதல் மாதங்களில் யாரும் வரமாட்டார்கள். புள்ளிவிவரப் பக்கத்தில் தெரியும் எண்களில் நீங்களே பத்துத் தடவை திறந்து பார்த்ததும், தேடுபொறிகளின் நிரல்கள் வந்து போனதும் கலந்திருக்கும். சொந்த வருகையைக் கணக்கில் சேர்க்காதே என்று ஓர் அமைப்பு இருக்கும், அதைப் போட்டுவிட்டு ஒரு மாதம் அந்தப் பக்கமே போகாதீர்கள். கூகுள் சர்ச் கன்சோலில் தளத்தை ஒருமுறை பதிந்து வைத்தால் தேடுபொறி தன் பாட்டுக்கு வேலையைச் செய்யும்.

சமூக ஊடகத்தில் பகிரும்போது 'புதிய பதிவு, படிக்கவும்' என்று சுட்டியை மட்டும் வீசினால் யார் சொடுக்குவார்கள்? பதிவில் இருக்கும் ஆகச் சிறந்த இரண்டு வரிகளை எடுத்துப் போட்டு, கீழே சுட்டி கொடுங்கள். அதைவிடப் பலன் தருவது, உங்கள் விஷயத்தில் எழுதும் வேறு பதிவர்களைத் தேடிப் படித்து, அவர்கள் எழுதியதைக் குறிப்பிட்டு, சுட்டி கொடுத்து எழுதுவது. பல வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் தமிழ்மணம் போன்ற திரட்டிகள் இருந்த காலத்தில் புதுப் பதிவு அங்கே போய் நின்றாலே கூட்டம் வரும், 'மீ த ஃபர்ஸ்ட்டு' என்று பின்னூட்டம் போட ஒருவர் ஓடி வருவார். அந்தச் சந்தை கலைந்துவிட்டது. இப்போது ஆளுக்கு ஆள் கைகாட்டித்தான் வழி தெரிகிறது.

புதுப் பதிவுகளைச் சந்தாதாரருக்குத் தானாகக் கொண்டுபோகும் செய்தியோடையை (ஆர்எஸ்எஸ்) அணைத்துவிடாதீர்கள். ஓடைகளைப் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டதும் ஓடை செத்துவிட்டது என்றார்கள். ஃபீட்லி, இனோரீடர் போன்ற செயலிகள் வழியாக இன்றும் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள்தான் வருடக்கணக்கில் கூட வருகிற வாசகர்கள். மின்னஞ்சல் சந்தா வைத்தால் முகவரிப் பட்டியலை அவ்வப்போது இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓடையை மின்னஞ்சலில் அனுப்பிவந்த கூகுளின் ஃபீட்பர்னர் 2021இல் மின்னஞ்சல் சேவையை நிறுத்தியபோது பட்டியலை எடுத்து வைக்காதவர்கள் வாசகர்களைத் தொலைத்தார்கள்.

பின்னூட்டங்களை மட்டுறுத்தி, அதாவது நீங்கள் பார்த்து அனுமதித்த பிறகே, வெளியிடுங்கள். 'மிக அருமையான பதிவு, பயனுள்ள தகவல்' என்று ஒருவர் பாராட்டிவிட்டுப் பெயரில் கடன் நிறுவனத்தின் சுட்டியை வைத்திருப்பார், அது எரிதம் (ஸ்பேம்). உண்மையாகக் கேள்வி கேட்டவருக்குப் பதில் சொல்லுங்கள். பதில் இரண்டு பத்தியைத் தாண்டினால் அதை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், அடுத்த பதிவு கிடைத்துவிட்டது. திட்டுபவரிடம் ஒருமுறை விளக்கலாம், இரண்டாம் முறை வேண்டாம்.

பணம் பற்றிக் கேட்பார்கள். கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் 2018 முதல் தமிழ்ப் பக்கங்களுக்கும் உண்டு. தனிப்பட்ட வலைப்பூவில் அதிலிருந்து வருவதை நம்பி எந்தத் திட்டமும் போடாதீர்கள். முதல் வருடம் விளம்பரமே வேண்டாம் என்பது என் கட்சி.

தொடர்வது

கையிருப்பு இரண்டு பதிவுகள் இருக்கின்றன அல்லவா, அதை ஒருபோதும் பூஜ்யத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். ஒன்றை வெளியிட வேண்டுமென்றால் புதிதாக ஒன்றை முடித்திருக்க வேண்டும். எனக்கு இந்த ஒரு விதிதான். உடம்பு சரியில்லாத மாதத்தையும், எழுதவே பிடிக்காத மாதத்தையும் அந்த இரண்டும் கடத்திவிடும்.

ஒரு வரிக் குறிப்புகளைச் சேர்த்து வையுங்கள். தலைப்பாக இருக்க வேண்டாம், 'கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஒரு கண்ணை மூடாமலே லென்ஸ் பிடித்தது' என்கிற மாதிரி ஒரு காட்சி போதும். பஸ்ஸில், வரிசையில் நிற்கும்போது எழுதி வைத்தது மூன்று மாதம் கழித்துப் பதிவாகும். எல்லாப் பதிவும் ஆயிரம் சொல் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. நான்கு பத்தியில் முடிகிற விஷயத்தை நான்கு பத்தியில் முடித்துவிட வேண்டும்.

இடைவெளி விழத்தான் செய்யும். விழுந்தால் மன்னிப்புக் கேட்டுப் பதிவு போடாதீர்கள். நேராக அடுத்த விஷயத்துக்குப் போங்கள். வாசகர் நீங்கள் காணாமல் போனதைக் கவனித்திருக்கவே மாட்டார், நீங்கள் சொன்னால்தான் தெரியும். புதிதாக எழுத வரவில்லையென்றால் பழையதைத் திறந்து திருத்துங்கள். உடைந்த சுட்டியை மாற்றுங்கள், தவறாகச் சொன்னதைத் திருத்தி, எந்தத் தேதியில் திருத்தியது என்று கீழே ஒரு வரி போடுங்கள்.

எழுதக் கூடாததையும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுவது நல்லது, ஏனென்றால் கோபத்தில் இருக்கும்போது அந்த முடிவை எடுக்க முடியாது. வேலை பார்க்கும் இடத்து விவகாரம், நண்பர் நம்பிச் சொன்னது, பிள்ளைகளின் முகமும் பள்ளியின் பெயரும். உங்கள் அனுபவத்தில் இன்னொருவர் வருகிறார் என்றால் அவரிடம் காட்டிவிட்டு வெளியிடுங்கள், இல்லையென்றால் அடையாளத்தை எடுத்துவிடுங்கள். கோபத்தில் எழுதியதை வரைவிலேயே ஒரு வாரம் போட்டு வையுங்கள். என் வரைவுப் பெட்டியில் அப்படிப்பட்டவை பதினோரு பதிவுகள் இருக்கின்றன. எழுதிய அன்று ஒவ்வொன்றும் தீப்பொறி. இன்று படித்தால் ஒன்றுகூட வெளியே வரத் தகுதியில்லை.

கடைசியாக, காப்புப் பிரதி. ஏற்றுமதி செய்யும் வசதி பிளாகரில் அமைப்புகளுக்குள்ளும், வேர்ட்பிரஸில் கருவிகள் பகுதியிலும் இருக்கும். அதன் வழியாக எல்லாப் பதிவுகளையும் பின்னூட்டங்களையும் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். வேர்ட்பிரஸ் கோப்பில் படங்கள் இருக்காது, படங்கள் இருக்கும் இடத்தின் முகவரிதான் இருக்கும். ஆகவே படங்களைத் தனியாக ஓர் அடைவில் (ஃபோல்டரில்) வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமான பதிவுகளின் முகவரியை இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷினில் கொடுத்தால் அவர்களும் ஒரு பிரதி எடுத்து வைப்பார்கள். நான் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை ஏற்றுமதி செய்கிறேன், பத்து நிமிடம்கூட ஆவதில்லை. கோப்பின் பெயரில் தேதியைப் போடுங்கள். 'புதியது', 'கடைசி', 'இதுதான் கடைசி' என்று மூன்று கோப்புகளை வைத்துக்கொண்டு எது எதற்கு முந்தையது என்று ஒரு மாலை முழுக்கத் திறந்து திறந்து பார்த்திருக்கிறேன்.